வளைக்குள் போன கை

கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கென்ட் தீவு என்றொரு சிறு நிலத்துண்டு இருக்கிறது. அருகிப்போன ஈடர் வாத்துகளைக் காப்பதற்காக ரொக்ஃபெல்லர் குடும்பத்தவர் ஒருவர் 1930இல் அதனை விலைக்கு வாங்கினார். பின்னர் அது அமெரிக்காவின் போடொயின் கல்லூரியின் ஆய்வுத் தீவாயிற்று. 2018ஆம் ஆண்டுக் கோடையை நான் அங்கு மாணவியாகக் கழித்தேன்.

எனக்குக் கிடைத்தது லீச் புயற்பறவை. ஐம்பது கிராம் தேறாது. ஆண்டுக்கு ஒரே முட்டை. சோடியில் ஒன்று மண்வளைக்குள் அடைகாக்க, மற்றது நாட்கணக்கில் கடலில் இரைதேடிவிட்டு, கடற்காகங்களுக்கு அஞ்சி இருளில்தான் கரைக்கு வரும். முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்வதும் உண்டு. 1950கள் முதல் காலில் வளையமிட்டுக் கணக்கெழுதி வந்தவர்களால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

குப்புறப் படுத்து, தோள்வரை கையை வளைக்குள் விட்டுப் பறவையை வெளியே எடுக்க வேண்டும். அது பயத்தில் வயிற்று எண்ணெயைக் கக்கும். எத்தனை முறை கழுவினாலும் சட்டையிலிருந்து அந்த வாடை போகாது. ஒரு நாள் இலக்கத்தைக் குறித்த பின்னரும், அவசியமின்றிச் சில நிமிடங்கள் கையில் வைத்துப் படம் பிடித்தேன். அது என் பிழை. மறுநாள் வளையில் பறவை இல்லை. முட்டை குளிர்ந்து கிடந்தது.

சிறு வயதில் வாப்பா சொன்ன ஹதீஸ் அப்போது நினைவுக்கு வந்தது. பயணமொன்றில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவித்து, அபூதாவூதில் பதிவானது.

நாங்கள் எடுப்பது விளையாட்டுக்கல்ல, அறிவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிய்யத் நல்லதுதானே! ஆனால் நிய்யத் எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கு. பறவைக்கு என் நிய்யத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு கை மட்டுமே.

அதற்காக, எடுக்கவே கூடாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இந்த இனம் அருகி வருவது கணக்கெடுத்ததால்தான் தெரிந்தது. 2016இல் அழிவாபத்துள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். அடைகாக்கும் புயற்பறவையைத் தொட்டுத் தொந்தரவு செய்தால் குஞ்சு பொரிப்பது குறைகிறது என 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. நல்ல செய்திதான். ஆனால் அதை அறிவதற்கும் சில பறவைகளைத் தொட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள்!

புயற்பறவையின் முட்டை ஓரிரு நாள் குளிர்ந்தாலும் பிழைக்கக்கூடியது. ஆகவே காத்திருந்தேன். வளையின் வாயில் மெல்லிய குச்சிகளை வேலிபோல் நட்டுவைப்போம். பறவை நுழைந்தால் அவை சாய்ந்துவிடும். இரண்டு காலைகள் எல்லாம் நட்டபடியே நின்றன. மூன்றாம் காலை ஒரு குச்சி மட்டும் சரிந்திருந்தது. காற்றாகவும் இருக்கலாம். கையை விட்டால் தெரிந்துவிடும். நான் விடவில்லை. குறிப்பேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

மேற்பார்வையாளர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அப்படியென்றால் அந்தப் பறவை பயந்தது வீண்தானே?" என்று மட்டும் கேட்டார்.