கல்லில் பொறித்த வெற்றி



தென் எகிப்தில் அபு சிம்பெல் என்னுமிடத்தில், மலையைக் குடைந்து அமைத்த ஆலயம் ஒன்றுண்டு. கி.மு. 1274-ஆம் ஆண்டளவில் சிரியாவிலுள்ள காதேஷ் நகரத்தருகே, இரண்டாம் ராம்சேஸ் மன்னன் ஹிட்டைட்டருடன் பொருத யுத்தம் அதன் சுவரிலே சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. லக்சார் முதலிய வேறு ஆலயங்களிலும் அக்காட்சியைக் காணலாம்.

அச்சிற்பங்களில் ராம்சேஸ் மலைபோல் உயர்ந்து, தேர்மீது நின்று அம்பு எய்கின்றான். பகைவரோ எறும்புபோற் சிறுத்து, ஒரோண்டிஸ் ஆற்றில் வீழ்ந்து தவிக்கின்றனர். ராமேசியம் என்னும் அவன் நினைவாலயத்தில், ஆற்றினின்று கரையேற்றிய அலெப்போ மன்னனை, விழுங்கிய நீர் வெளிவரும்படி அவனுடைய வீரர் தலைகீழாகப் பிடித்திருக்கின்றனர். ஏளனம் செய்ய வந்த உளியும், தம் தலைவனைக் காக்கத் துடித்த அக்கைகளை மறைக்கவில்லை!

ஆயினும் சரித்திரம் கூறுவது யாது? காதேஷ் நகரம் ராம்சேஸின் வசமாகவில்லை. சுவரிலே வென்றவன் களத்திலிருந்து வெறுங்கையுடன் மீண்டான். பகை தொடர்ந்தது. கி.மு. 1259-ஆம் ஆண்டளவிலேதான் அவனும் ஹிட்டைட்டர் மன்னன் மூன்றாம் ஹத்துசிலியும் உடன்படிக்கை செய்தனர். அதிலே இருவரும் சமநிலையில் நின்று, சகோதரர் எனக் கூறிக்கொண்டனர். தப்பியோடி வந்தோரைத் திருப்பி அனுப்புங்கால், அவரையும் அவர்தம் மனைவி மக்களையும் வருத்தலாகாதென்றும் விதித்தனர். அவ்வுடன்படிக்கையின் எகிப்தியப் பிரதி கர்நாக் ஆலயச் சுவரில் உளது. மறு பிரதி, ஹிட்டைட்டர் தலைநகராகிய ஹத்துசாவில் களிமண் ஏடுகளாக 1906-ஆம் ஆண்டு கிடைத்தது.

கோசல மன்னன் பசேனதி மகத மன்னன் அஜாதசத்ருவிடம் தோற்ற செய்தியைக் கேட்டபோது, வெற்றியே பகைக்கு வித்தாகும் என்பதைப் பகவன் உணர்த்தியருளினார். அத்தம்மத்தைத் தழுவிய அசோகச் சக்கரவர்த்தியும் யுத்தத்தைக் கல்லிலே பொறித்தார். ஆனால், கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் மாண்டதையும், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் கூறித் தாமே வருந்தினார். ராம்சேஸ் பகைவரைச் சிறியராக்கினான். அசோகரோ தம் பிழையைப் பெரிதாக்கிக் காட்டினார்.

அன்பர்களே! நம்மையும் பன்னெடுங்காலம் பிறர் சிறியராகவே வரைந்து வைத்தனர். அக்காயம் மெய்யானது. அதை மறக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால், அவர்களை நம் நெஞ்சச் சுவரிலே சிறியராகச் செதுக்குவோமாயின், அதே உளியை நாமும் ஏந்தியவராவோம். மைத்திரி என்பது பிறர் காலில் வீழ்வதன்று. அவருக்குச் சமமாக நிமிர்ந்து நின்று, சகோதரா என அழைப்பதாகும். சமத்துவம் இல்லாத இடத்தில் சமாதானம் இல்லை. பகைமை நீங்காத நெஞ்சில் தம்மமும் இல்லை.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க! சாது! சாது! சாது!