அனனியா: ஒரு பெயர், பல மனிதர்

அனனியா என்பது ‘ஹனன்யா’ என்ற எபிரெயப் பெயரின் தமிழ் வடிவம். பொருள், ‘யாவே அருள்புரிந்தார்’. ‘ஹனன்’ அருளுதலையும், ‘யா’ இறைவன் பெயரின் சுருக்கத்தையும் குறிக்கும்.

பழைய ஏற்பாட்டில் கிபியோன் ஊரானாகிய அனனியா, பாபிலோனின் நுகம் 2 ஆண்டுகளில் முறியும் எனப் பொய்யாக உரைத்து, தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தை உடைத்தான். அதே ஆண்டு இறந்தான். தானியேலின் தோழன் அனனியாவோ, சாத்ராக் எனப் பெயர் மாற்றப்பட்டும் அரசன் நிறுத்திய சிலையை வணங்க மறுத்து நெருப்புச் சூளையை ஏற்றான்.

புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளில் மூவர்: நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்த சப்பீராளின் கணவன், தமஸ்குவில், பின்னர் பவுல் எனப்பட்ட சவுலுக்குப் பார்வை திரும்பக் கைவைத்த சீடன், பவுலை வாயில் அடிக்கச் சொன்ன பிரதான ஆசாரியன்.

இப்பெயரின் எழுவாய் மனிதனல்ல, இறைவன். எனவே அது அருளை அறிவிக்கிறதே தவிர, பெயர் தாங்கியவரின் நடத்தைக்கு உறுதி கூறுவதில்லை.