கிராஸ் நாய்க்கு ஒரு வீடு

வளர்ந்துவிட்ட பெரிய நாய்க்குப் புது வீடு தேடுவது சாத்தூரில் லேசான காரியமில்லை. குட்டி என்றால் பிள்ளைகளே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிழைப்புக்காகத் திருப்பூர், கோவை என்று குடிபோகிற குடும்பம், தொடை உயரம் நிற்கிற நாயை விட்டுவிட்டுப் போகும்போதுதான் சிக்கல். பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது, "ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?" என்றுதான். இரண்டு ஊரும் நம் மாவட்டத்தில் இருப்பதால் வந்த பெருமை அது. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று, பெருமைப்படலாம். ஆனால் "ரெண்டும் கலந்த கிராஸ்" என்று சொன்னதும் வந்தவர் செருப்பைத் தேடுவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

சிப்பிப்பாறையின் ஒட்டிய வயிறும் நீண்ட காலும், கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்காக மனிதன் பார்த்துப் பார்த்து வளர்த்தெடுத்தவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதில் வந்த திருத்தமும் அந்த வேட்டையைக் குற்றமாக்கின. நியாயமான சட்டம். வேலைக்காக உருவான இனத்துக்கு வேலை போயிற்று. இனப்பெயர் மட்டும் விலையாக நின்றது. அந்த விலைக்காக நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்க்கிறவர்களும் உண்டு. வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். கலப்பில் பிறந்ததைக் குறையாகப் பேச நமக்கு என்ன இருக்கிறது?

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுடைய நாயும் இருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரைப் பொறித்து, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுக்கு முந்திய அந்த ஊரார் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு மதித்தது பெயரையும் செயலையும்தான். எந்த வகை நாய் என்று ஒரு சொல் இல்லை.

அந்தக் கல்லை நினைக்க நினைக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. யார் பக்கத்தில் நிற்கிறதோ அந்த உறவுதான் நாய்க்குப் பிறப்பு, குலம் எல்லாம். பல்லாயிரம் ஆண்டுகளாக நம்மோடு வாழவென்றே நாம் ஆக்கிய உயிர். திரும்பிப் போக அதற்கு ஒரு காடு கிடையாது. அப்படிப்பட்டது ஒரு வாசலை இழந்த பின்னும், முன்பின் தெரியாத ஒருவர் வைத்த சோற்றில் வாய் வைக்கிறது. தத்தெடுக்கும்போது நாம் கொடுப்பது இடமும் கஞ்சியும். அது தருவது, ஒருமுறை உடைந்த நம்பிக்கையை மறுபடியும். இதில் பெரிய கொடை எதுவென்று சொல்லவும் வேண்டுமா?

எடுக்க நினைப்பவர்கள் ஆவணிக்குள் எடுத்துவிடுங்கள். நம் ஊருக்குச் சோறு போடுவது தீப்பெட்டியும் பட்டாசும். அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் நாயின் காது 45,000 வரை கேட்கும். தீபாவளிக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற நாய், வீடு பழகாமல் இருந்தால் திரும்பி வர வழி தெரியாமல் போய்விடும். உங்கள் குரல் அதற்குப் பழக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை வந்த வாரமே போட்டுவிடுங்கள். வெடிச்சத்தம் ஓயும் வரை உள்ளறையில் அதன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அது யார் என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.