யாருக்காக இந்த சைலன்ஸர்?

என்னிடம் ஒரு பழைய புல்லட் இருக்கிறது. 350 ஸி.ஸி., வார்ப்பிரும்பு இஞ்சின், வலது காலில் கியர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்தது. கொல்லிமலைக்கும் வால்பாறைக்கும் அதில்தான் போய்வந்தேன்.

சென்ற மழைக்காலத்தில் அதன் சைலன்ஸர் ஓட்டையாகிவிட்டது. மேலே க்ரோமியப் பூச்சு முகம் பார்க்கலாம்போல மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே துருவேறி இற்றுப்போயிருந்தது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி, அந்த ஈரம் வெளியே போய்விடும். காய்கறிக் கடைக்கும் தபாலாபீசுக்கும் மட்டுமே ஓடுகிற வண்டியில் அது உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். மலையேறப் பிறந்த வண்டியைத் தெருமுனைக்கு ஓட்டியதற்குத் தண்டனை என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வருத்தம் ஏற்படவில்லை. ஓட்டை வழியே வந்த முழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு. நின்ற இடத்தில் நிமிஷத்துக்கு 1,000 சுற்று ஓடும்போது, வினாடிக்குச் சுமார் 8 வெடிப்புகள். யாரோ என் மார்புக்குள் உட்கார்ந்து தவில் வாசிப்பதுபோல் இருக்கும். பழுது பார்ப்பதை மூன்று வாரம் தள்ளிப் போட்டேன்.

கடைசியில் மெக்கானிக்கிடம் போனேன்.

"கம்பெனி சைலன்ஸரே போட்டுடவா சார்? இல்லே, உள்ளே தடுப்பெல்லாம் எடுத்தது ஒண்ணு இருக்கு. சத்தம் பிச்சுக்கும். பசங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க."

"யோசித்துச் சொல்கிறேன், பாய்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஆசை ஏற்கனவே தீர்ப்பெழுதிவிட்டது. இனி அதற்கு ஒரு நியாயம் தேட வேண்டும்; அவ்வளவுதான்.

நியாயமும் கிடைத்தது. சத்தம் இருந்தால்தான் மற்ற வண்டிக்காரர்கள் விலகுவார்கள், அது உயிருக்குப் பாதுகாப்பு என்று ஒரு பேச்சு உலகமெங்கும் உண்டு. ஆனால் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட், லாஸ் ஏஞ்சல்ஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். முக்கால் பங்குக்கு மேற்பட்ட விபத்துகளில் ஆபத்து எதிர்ப்புறமிருந்தே வந்திருக்கிறது. சைலன்ஸரின் வாயோ பின்பக்கம் பார்க்கிறது. ஆபத்து முன்னே; எச்சரிக்கை பின்னே! என் வக்கீல் தோற்றுப்போனார்.

அன்று மாலை எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்றிருந்தார். அவருடைய கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார்.

"நீங்க வர்றது தெருமுனையிலேயே தெரிஞ்சுடுது தம்பி. அவருக்குக்கூடத் தெரியுது. கண்ணைத் திறந்துடறார். அப்புறம் விடியற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டிருக்கார். போகட்டும், நீங்க பத்திரமா வந்து சேர்ந்துட்டீங்கன்னு எங்களுக்கும் ஒரு நிம்மதி."

அந்தக் குரலில் குற்றச்சாட்டின் நிழல்கூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்குமேல் ஒலி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஒலிக் கட்டுப்பாட்டை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் சட்டம் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதால் ஒரு செயல் சரியாகிவிடுமா?

மௌனம் சம்மதம் என்கிறோம். அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சத்தம் போடுகிறவர்கள். மூன்று வாரம் அந்த வீடு பேசாமல் இருந்தது. பேசினால் அண்டை வீட்டு உறவு கெடும் என்று பொறுத்துக்கொண்டது. அந்தப் பொறுமையை நான் சம்மதம் என்று கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன். கச்சேரியில் தவில் முழங்கினால், கேட்க விரும்பியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். படுக்கையில் கிடக்கும் மனிதர் எங்கே எழுந்து போவார்?

ஓட்டுகிறவன் தன் சத்தத்தைப் பின்னால் விட்டுவிட்டு முன்னே போய்விடுகிறான். அதில் குடியிருக்க வேண்டியவர்கள் வேறு மனிதர்கள். இன்பம் கடந்து போகிறவனுக்கு, துன்பம் தங்கியிருப்பவனுக்கு. சைலன்ஸர் வண்டிக்காக அல்ல, ஓட்டுகிறவனுக்காகவும் அல்ல. வண்டியில் ஏறாத மனிதர்களுக்காகவே அது இருக்கிறது.

மறுநாள் கம்பெனி சைலன்ஸரையே போடச் சொன்னேன். துருப்பிடித்த நட்டு லேசில் அசையவில்லை. எண்ணெய் விட்டு, சூடுகாட்டி, ஒரு மணி நேரம் பாய் போராடினார். புதுசு பொருத்தி உதைத்ததும், அடங்கிய குரலில் 'டுப்டுப்' என்றது. சிங்கத்துக்குத் தொண்டை கட்டினாற்போல் இருந்தது. எனக்கு ஏமாற்றந்தான், மறைப்பானேன்?

அன்றிரவு 11 மணிக்குத் தெருவில் நுழைந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரியவில்லை.

காலையில் அந்த அம்மாள் கோலம் போட்டுக்கொண்டே கேட்டார்: "ராத்திரி ஊரிலே இல்லையா தம்பி?"