பாயின் இடப்பக்கம்

2013இல் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனேன். அந்த வீட்டுக் கிழவியை ‘மாமா’ என்று கூப்பிடச் சொன்னார்கள். அரபியில் மாமா என்றால் அம்மா. இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான பூனாகலையில் அம்மாவின் தம்பியைக் கூப்பிட்ட சொல்லை முக்காடு போட்ட ஒரு கிழவிக்குச் சொல்ல முதல் மாதம் முழுக்க நாக்கு கூசியது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டினார்கள். கொண்டுபோன மாரியம்மன் படமும் திருநீற்றுப் பொட்டலமும் குப்பைக்குப் போயின. சாப்பாடு, வெயில், பாஷை எல்லாம் பழகிவிட்டன. கும்பிட ஒன்றுமில்லாத சுவர் மட்டும் பழகவே இல்லை. கடல் தாண்டிப் போகிறவளோடு சாமியும் வருமா?

கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்தவர்கள் குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்து முந்தானையில் முடிந்து வந்தார்கள் என்று அப்பாயி சொல்வார். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்தபோது வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். வந்து சேர்ந்தவர்கள் அந்த மண்ணை வைத்துக் கோயில் எழுப்பினார்கள். ஆனால் எல்லாச் சாமியும் முந்தானையில் வந்ததில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுமுன் கும்பிடும் கவ்வாத்துசாமியும், தேயிலை ஸ்டோரில் சுழலும் ரோதைக்குக் காவலான ரோதைமுனியும் இங்கே, வேலைக்குள்ளேயே கண்டெடுத்த சாமிகள். பயத்தில் பிறந்த சாமிகள் என்று படித்தவர்கள் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. நாளெல்லாம் உடம்பு தேய்கிற இடத்தில் சாமி இல்லையென்றால் கோயிலுக்குள் மட்டும் எப்படி இருக்கும்?

குவைத்தில் என் வேலை கிழவியைப் பார்த்துக்கொள்வது. ஐந்து வேளையும் தொழுகைக்குப் பாய் விரிக்க வேண்டும். அவருக்கு முழங்கால் மடங்காது. பாயின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுவார். சிவப்புப் பாய், ஒரு ஓரத்தில் குஞ்சம் உதிர்ந்தது. வளைவு போட்ட தலைப்பக்கம் மக்காவைப் பார்த்து, தென்மேற்காக இருக்க வேண்டும். சூரியன் எழும் ஜன்னலை வைத்து ஒருநாள் கணக்குப் பார்த்தேன். கிழவியின் இடது தோள் பக்கம் பூனாகலை.

2014 அக்டோபர் 29. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லய வீடுகளை மூடியபோது அங்கே காலை ஏழரை மணியளவு. குவைத்தில் ஐந்து மணி; நான் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம்தான் போனில் செய்தி வந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வர வீடில்லாமல். என் அழுகையைப் பார்த்துக் கிழவி என்னவென்று கேட்டார். ‘ஜபல்’ என்று மட்டும் சொல்ல வந்தது. மலை விழுந்ததைக் கையால் காட்டினேன். எந்தப் பக்கம் என்றார். இடப்பக்கம் காட்டினேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, நடுங்கும் இரண்டு கைகளையும் ஏந்தி, வெகுநேரம் முணுமுணுத்தார்.

அதைக் கேட்டுக்கொண்டது அல்லாவா, எங்கள் மாரியம்மாவா? பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. எங்கள் ஜனத்துக்காக ஒரு தாய் கேட்டாள், அவ்வளவுதான். மறுநாள் விடியலிலிருந்து அந்தப் பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் விரித்தேன். கவ்வாத்துக் கத்தியை என் தாத்தா அப்படித்தான் எடுப்பார்.

ஊருக்கு வந்ததும், இது மாரியம்மாவுக்குத் துரோகமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கிழவியின் பேரைக் கேட்டார். திருவிழா அன்று அர்ச்சனைக்கு எங்கள் பேர்களோடு அந்தப் பேரையும் சொன்னார். பூசாரி நட்சத்திரம் கேட்டார்.

“அது தெரியாதுங்க. சாமி பேருலயே செஞ்சுருங்க” என்றார் அம்மா.