வண்டிக்குக் குலமுண்டா?

சென்ற மாதம் நம் நண்பரொருவரின் மகன், கிள்ளானில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் வாலிபன், முகம் வாடி நம்மிடம் வந்து சேர்ந்தான். ஐந்து வருஷம் ஓவர்டைம் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து அவன் ஒரு பழைய மோட்டார் வண்டி வாங்கியிருந்தான். புரோட்டோன் கம்பெனியார் 2004-ஆம் ஆண்டில் நூற்றைம்பதே வண்டிகள் என்ற வரம்போடு வெளியிட்ட சத்ரியா ஆர்-3 வகையைச் சேர்ந்தது அது என்று விற்றவர் சத்தியம் செய்தாராம். ஷா ஆலமில் இத்தகைய வண்டிகளில் பற்றுள்ளவர்கள் ஞாயிறுதோறும் கூடுவதுண்டு. அங்கே ஒரு பெரியவர் முன்மூடியைத் திறந்து, இரும்புச் சட்டத்தில் வெட்டியிருந்த எண்ணைப் படித்துவிட்டு, "தம்பி, இது சாதாரண சத்ரியா. எஞ்சினும் இருக்கையும் பின்னால் வந்தவை" என்று மெதுவாகச் சொன்னாராம்.

"மாமா, வண்டி ஓடுவதில் ஒரு குறையுமில்லை. நேற்று வரையில் ரத்தினமாயிருந்தது இன்று எப்படிக் கூழாங்கல்லாகும்?" என்று அவன் நம்மைக் கேட்டான். கேள்வி சிறிதன்று. நாமும் இரண்டு வாரமாக அதை மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நம் வாசகர்களுள் பலர், "இஃது உல்லாசக்காரர் விவகாரம், உழைப்பாளிக்கு இதில் என்ன?" என்று கேட்கக்கூடும். ஷா ஆலம் என்று இன்று வழங்கும் நகரம் முன்னாளில் சுங்கை ரெங்கம் என்னும் தோட்டப் பூமியாயிருந்தது. ரப்பரும் செம்பனையும் நின்ற அவ்விடம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா அங்கிருந்து புறப்பட்டது. பால் வெட்டியவர்களின் மக்கள் பலர் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். ஆகவே இவ்வண்டிகளில் பற்றுக் கொள்ளும் தோட்டத்துப் பிள்ளையைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை.

இனி, போலி எவ்வாறு உண்டாகிறதென்று பார்ப்போம். சத்ரியாவில் சிறிய எஞ்சின் கொண்ட மலிவான வகைகளும் உண்டு, 1.8 லிட்டர் எஞ்சின் கொண்ட ஜி.டி.ஐ. வகையும் உண்டு. அந்த ஜி.டி.ஐ.யை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டதே ஆர்-3. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் மலிவான வண்டியொன்றை வாங்கி, பெரிய எஞ்சினை இறக்கி, வால்தகடும் எழுத்தும் ஒட்டினால் வேலை முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவெனில், அவ்வாலிபனின் பதிவுப் பத்திரத்தில் பொய்யே இல்லை! எஞ்சின் மாற்றம்கூட முறைப்படி பதிவாகியிருந்தது. வண்டி கைமாறும்போது பரிசோதிப்பவர்கள் சட்டத்து எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். திருட்டுப் பொருளா என்பதே அவர்கள் கவலை. நூற்றைம்பதில் ஒன்றா என்று பார்ப்பது அவர்கள் தொழிலன்று. அது வாங்குகிறவன் கடமையாய் விட்டது. அவனோ எண்ணைப் படிக்கத் தெரியாதவன்.

இவ்வியாதி நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் 'மஸில் கார்' என்றழைக்கப்படும் பெருவலி வண்டிகளில் இது மிகப் பழையது. பாண்டியாக் ஜி.டி.ஓ. என்னும் வண்டியை 1966 முதல் அதன் எண்ணின் தொடக்கத்திலுள்ள 242 என்ற இலக்கங்களைக் கொண்டு அறியலாம். அதற்கு முந்திய இரண்டாண்டுகளில் செய்யப்பட்டவற்றை எண்ணைக் கொண்டு மட்டும் அறிய வழியில்லை. தொழிற்சாலைக் கணக்கேட்டைத் தேடவேண்டும். செவ்ரலே கமாரோவில் இசட்.எல்.1 என்னும் வகை 1969-இல் அறுபத்தொன்பதே செய்யப்பட்டது. இத்தனை அருமையான பொருளுக்குப் போலி தோன்றாமலிருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கே சீர்திருத்தம் பேசும் நம்மை ஒரு சங்கடம் வழிமறிக்கிறது. மனிதனை அவன் பிறந்த குலத்தைக் கொண்டு மதிக்கலாகாது, அவன் செய்கையைக் கொண்டே மதிக்கவேண்டும் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அப்படியிருக்க, வண்டியின் ஓட்டத்தைப் பாராமல் அதன் பிறப்பெண்ணைப் பார்ப்பது என்ன நியாயம்? இரும்புக்கும் கோத்திரம் கற்பிக்கும் வேலையல்லவா இது? அவ்வாலிபனின் கேள்வியில் ஒளிந்திருந்த முள் இதுவே. நாமும் முதலில் அவன் பக்கமே சாய்ந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நம் எண்ணத்தைத் திருப்பியது லண்டன் நீதிமன்றத்தில் 1990-இல் தீர்ந்த ஒரு வழக்கு. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி வண்டி, 1929-இலும் 1930-இலும் பிரான்சிலுள்ள லெ மான் பந்தயத்தில் வென்றது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது கவிழ்ந்து, ஓட்டியவர் உயிரிழந்தார். பின்னர் அது புதுக்கப்பட்டது; உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறின. பல்லாண்டுகள் கழித்து ஒரு கோடி பவுனுக்கு விலை பேசப்பட்டபோது, வாங்க ஒப்பியவர்கள், "பந்தயத்தில் ஓடிய இரும்பு இதில் எவ்வளவு இருக்கிறது?" என்று கூறி மறுத்தனர். மெய்யாகவே பழைய உறுப்பு மிகச் சிறிதே இருந்தது. எனினும் நீதிபதி ஒட்டன், அவ்வண்டி இடையறாத வரலாறுடையது, அப்பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு வண்டி இல்லை, ஆகவே இதுவே அது என்று தீர்ப்பளித்தார்.

நேயர்களே, இத்தீர்ப்பைச் சற்று நிதானித்துப் பாருங்கள். உறுப்பெல்லாம் மாறிய வண்டி மெய். உறுப்பெல்லாம் சரியாயிருக்கும் நம் வாலிபனுடைய வண்டி பொய். அப்படியானால் மெய்ம்மை இரும்பில் இல்லை. முதல் சாகா வண்டி கோலாலம்பூர் தேசியப் பொருட்காட்சி சாலைக்கு ஒப்படைக்கப்பட்டது. அதே அச்சில் வந்த வண்டிகள் தெருவெல்லாம் ஓடின. அவற்றைக் காண ஒருவரும் சீட்டு வாங்கவில்லை. மக்கள் தேடுவது ஒரு நிகழ்ச்சியை: இன்ன நாளில், இன்ன கைகள், இன்ன நோக்கத்தோடு இதைச் செய்தன என்பதை. அந்நிகழ்ச்சியைத் திருப்புளி கொண்டு பின்னால் முடுக்க முடியாது.

குலத்தோடு ஒப்பிட்டது பிழையென்று இதனால் தெளிந்தோம். குலம் பேசுவோர், நடவாத ஒன்றைச் சொல்லி ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்துகிறார்கள். வண்டியின் எண்ணோ நடந்ததைச் சொல்கிறது. அதனால் எந்த வண்டிக்கும் அவமானமில்லை. சாதாரண சத்ரியா நல்ல வண்டிதான். குற்றம் வண்டி செய்ததன்று. வேறொருவர் கையுழைப்பின் பெயரைக் களவாடி ஒட்டிய மனிதன் செய்தது. போலி குலத்தை ஒழிப்பதில்லை. குலப்பெருமையை நம்பியே பிழைக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. தோட்டத்தில் நம் தாய்மார் சுமந்து வந்த பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கக் கிராணியின் கையில் மெட்ரோலாக் என்ற கருவி இருந்தது. ஏழை விற்றபோது ஒவ்வொரு வாளியும் சோதிக்கப்பட்டது. இன்று அதே ஏழையின் பேரன் வாங்கும்போது சோதிக்க அவன் கையில் என்ன கருவி இருக்கிறது? பிரிக்பீல்ட்ஸில் ஒரு மோதிரம் வாங்கினாலும் 916 என்ற முத்திரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். வண்டியின் எண்ணில் முதல் மூன்று எழுத்து பி.எல்.1 என்றிருந்தால் அது புரோட்டோன் என்பதும், எஞ்சியவை வகையையும் வருஷத்தையும் சொல்லுமென்பதும் நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தந்தார்? ஷா ஆலம் கூட்டத்தில் அந்தப் பெரியவர் காசு வாங்காமல் சொன்னார். ஆனால் வாங்கிய பிறகு சொன்னார்!

வாலிபன் நம்மிடம் வந்ததற்குக் காரணம் துக்கம் மட்டுமன்று என்பது பேச்சின் முடிவில் தெரிந்தது. ஈப்போவிலிருந்து ஒருவர் அவ்வண்டியைக் கேட்கிறாராம். ஆர்-3 என்றே நம்பி, கொடுத்த விலையையே தரத் தயாராம். "நான் ஒன்றும் புதிதாகப் பொய் சொல்லவேண்டியதில்லை, மாமா. சும்மா இருந்தாலே போதும்" என்றான். அவன் தங்கையின் கல்லூரிப் பணம் அதில் அடக்கமென்று நமக்குத் தெரியும். ஆதலால் நாம் உடனே வாய் திறக்கவில்லை. பிறகு ஒன்றே கேட்டோம்: "உனக்கு விற்றவன் உன்னிடம் என்ன சொல்லியிருக்க வேண்டுமென்று நினைக்கிறாய்?"

அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். சென்ற ஞாயிற்றுக்கிழமை பத்து தீகாவில் அவ்வண்டியைக் கண்டோம். வால்தகட்டிலிருந்து ஆர்-3 என்ற எழுத்து உரிக்கப்பட்டு, பசையின் வடு மட்டும் இருந்தது. கண்ணாடியின் உட்புறம் ஒரு காகிதம்: சட்டம் இன்னது, எஞ்சின் இன்னது, எது எப்போது மாற்றப்பட்டது என்று தன் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தான். விலை பாதிக்கும் கீழே இருந்தது. ஈப்போக்காரர் வரவில்லையாம். இருவர் நின்று படித்துவிட்டு, எஞ்சினை முடுக்கிக் காட்டச் சொன்னார்கள்.