சும்மா பார்ப்பவன்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குக் கடல் வெளியூர் விஷயம். மேற்கே மலை இருக்கிறது, அது போதும் என்றே வளர்ந்தவன் நான். செண்பகத்தோப்பில் நடக்கும்போதெல்லாம் மரக்கிளைகளில் சாம்பல் நிற அணிலைத் தேடுவேன். (ராஜபாளையத்து நண்பர்கள் அய்யனார் கோவில் அருவிக்குத்தான் அழைப்பார்கள், அங்கே அணிலைவிட ஆட்கள் அதிகம்.) அந்த அணிலுக்காக 1988இல் சரணாலயம் வந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. தேனுக்கும் கிழங்குக்கும் அங்கே அலைந்த பளியர்களைப் பற்றி நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது மன்னார் வளைகுடா.

பாம்பன் பக்கம் ஒரு காலையில் கரையில் நின்று தீவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களில் துணி சுற்றிய பெண்கள் சிலர் பாசி மூட்டைகளோடு கரையேறினார்கள். ஒருத்தி கேட்டாள்: "சும்மா பார்க்கவா வந்தீக?" பரிகாசமில்லை, நிஜமான சந்தேகம்.

1986இல் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாயின. அத்தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்து வந்தவர்களுக்கு, செய்த வேலையே குற்றமாயிற்று. தொல்காப்பியம் சொல்லும் கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் இவற்றோடு தொழிலும் ஒன்று. பூங்கா என்ற நவீனக் கற்பனை விலங்கையும் மரத்தையும் பறவையையும் வைத்துக்கொண்டு தொழிலை மட்டும் உருவிவிடுகிறது. அந்தக் காலியிடத்தில் நிற்பவன் நான், சௌந்தர்ய உபாசகன்.

இதை வைத்து எளிதாகக் கண்ணீர் விடவும் முடியவில்லை. சுண்ணாம்புக்காகத் தூத்துக்குடிப் பக்கம் பவளப்பாறையைப் பல்லாண்டுகள் வெட்டினார்கள், அதுவும் தொழில்தான். 21இல் இரண்டு தீவுகள், பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், இன்று நீருக்கடியில். தடை வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் சூளைக்காகப் பாறையைப் பெயர்த்த கடப்பாரையும், மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்ட இந்த விரல்களும் ஒன்றா? சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் எடுப்பவை. எடுக்காதவன் யோக்கியன்.

எடுக்காதவன் யார்? மரிக்கொழுந்திலிருந்து வருகிற அகர்தான் பரிசோதனைக்கூடத்தில் நம் ரத்தத்தின் கிருமியை வளர்க்கும் தட்டில் கிடக்கிறது. காய்ச்சல் வந்தால் நானும் அந்தக் கடலிலிருந்து எடுக்கிறேன், விரல் நனையாமல்.

அவளிடம் "ஆமாம்" என்றேன். மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஊர் திரும்பிய வாரம் செண்பகத்தோப்புப் பாதையில் ஒரு பளியர் பெரியவர் எதிரே வந்தார். அணில் கண்ணில் பட்டதா என்று வழக்கமாகக் கேட்பேன். அன்று கேட்கவில்லை, வேறு என்ன கேட்பதென்றும் தெரியவில்லை.